பதினெட்டு இஞ்ச் ஆசை

கண்ணாடியம்மாவுக்கு ஒரு சக்கரத்தின் மேல் ஆறு வருஷமாகக் கண். கார் வாங்கிய அன்று, சாவிக்குக் காத்திருந்த நேரத்தில், ஷோரூம் மூலையில் நின்ற விலை கூடிய காரில் அதைப் பார்த்துத் தொலைத்தாள். பதினெட்டு இஞ்ச் அலாய் வீல். கருஞ்சாம்பல் நிறம், மெல்லிசாகப் பத்துக் கம்பி, அதைச் சுற்றிப் பட்டை கட்டினாற்போல ஒல்லியாக ஒரு டயர். அவள் காருக்கு வாய்த்ததோ பதினாறு இஞ்ச். வெள்ளி நிறத்தில் தடித்தடியாக ஐந்து கம்பி, சுற்றிலும் கொழுகொழுவென்று ரப்பர். ஓட்டப்பந்தயக்காரிக்கு வீட்டுச் செருப்பை மாட்டிவிட்ட மாதிரி இருக்கிறது என்று அன்றைக்கே சொன்னாள். அப்புறம் வருஷத்துக்கு நாலு தடவையாவது சொல்லிவந்தாள்.

கார் சிவப்பு. சின்னது, ஐந்து கதவு. பார்த்தால் காய்கறி வாங்கப் போகிற வண்டி என்றுதான் தோன்றும். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் அதன் குணம் தெரியும். பாலத்து வளைவில் அவள் அதைத் திருப்புகிற வேகத்தைப் பார்த்துப் போக்குவரத்துக் காவலர் ஒருவர் ஒரு முறை நிறுத்தினார். லைசென்சைப் பார்த்தார், அதிலிருந்த வயசைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவளுக்கு வயது நாற்பத்தெட்டு. அந்த மௌனத்தை அவள் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள்.

கண்ணாடியம்மா என்பது தெரு வைத்த பேர். கண்ணைச் சோதித்துக் கண்ணாடி போட்டுக்கொடுக்கிற கடை அவளுடையது, இருபது வருஷமாக. கடைக்கு வருகிறவர்கள் நேராகப் போய்க் கண்ணாடி அலமாரி முன்னால் நின்று அழகான ஃபிரேமாகப் பார்த்துக் கையை நீட்டுவார்கள். இவள் விடமாட்டாள். முதலில் உட்காருங்கள் என்பாள். நாள் முழுக்க என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்பாள். அடுப்படியில் நிற்கிறவருக்கு ஒன்று, ஏணி ஏறுகிறவருக்கு ஒன்று, குழந்தை முகத்தில் கைபோடுகிற வீட்டுக்கு ஒன்று. பதில் வராமல் ஒரு ஃபிரேமைத் தொடக்கூட விடமாட்டாள். இதற்காகவே கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. போன வேகத்தில் திரும்பி வந்தவர்களும் உண்டு.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. பவர் பார்க்கும்போது லென்சை மாற்றி மாற்றி வைத்து, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்பது எல்லோரும் செய்வதுதான். ஆனால் சிலர் இருக்கிறார்கள், எதிரே இருக்கிறவரைத் திருப்திப்படுத்தவே பிறந்தவர்கள். எதை வைத்தாலும் "இது நல்லாருக்கும்மா" என்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அவள் வைத்த லென்சை எடுத்துவிட்டு அதையே மறுபடி வைப்பாள். இரண்டாவதுதான் நன்றாக இருக்கிறது என்று சொன்னால், ஆள் அகப்பட்டுக்கொண்டார் என்று அர்த்தம். அதற்கப்புறம் அவர் சொல்வதை நம்பாமல், எழுத்தைப் படிக்கச் சொல்லி, கண் சொல்வதை மட்டும் நம்புவாள்.

இனி அவள் புருஷன். அவன் கேக் மாஸ்டர். சொந்தமாகச் சின்னதாக ஒரு பேக்கரி. கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் இரண்டு அடுக்கு, மூன்று அடுக்கு என்று கட்டி எழுப்புவதில் அவனை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆளில்லை. ஊருக்கெல்லாம் மாஸ்டர், அதனால் அவளுக்கும் மாஸ்டர். அவன் அவளை 'டிரைவர்' என்று கூப்பிடுவான். அதற்கு ஒரு கதை உண்டு. இருவரும் சந்தித்ததே டிரைவிங் ஸ்கூலில்தான். ஒரே கார், ஒரே வாத்தியார். அவள் முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். அவன் நாலு தடவை போய் நாலு தடவையும் தோற்றான். ஐந்தாவது தடவை போவதற்குப் பதிலாக அவளைக் கல்யாணம் செய்துகொண்டான். இது அவன் சொல்கிற கணக்கு. அவளும் மறுத்ததில்லை.

அவன் விடிய மூன்று மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிறவன். இரவு எட்டு மணிக்குத் தலையணையில் தலை படும். அவள் காலை பத்துக்குக் கடை திறந்து இரவு எட்டுக்கு மூடுகிறவள். வீட்டுக்கு வரும்போது அவன் குறட்டைதான் அவளை வரவேற்கும். அவளுக்கு விடுமுறை திங்கட்கிழமை, அவனுக்குச் செவ்வாய்க்கிழமை. ஒரே கூரைக்கு அடியில் இரண்டு பேர் துண்டுச்சீட்டு எழுதி வைத்தே குடித்தனம் நடத்தினார்கள் என்று சொன்னால் தப்பில்லை. பால் தீர்ந்தது என்றால் ஒரு சீட்டு, கேஸ்காரர் வந்து போனார் என்றால் ஒரு சீட்டு. உன் கண்ணாடி சோபா அடியில் கிடக்கிறது என்றால் அதற்கும் ஒரு சீட்டு.

மிச்சம் இருந்தது சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்து. வாரத்தின் பெரிய கேக் அன்றைக்குத்தான் மண்டபத்துக்குப் போகும். அவள் ஓட்டுவாள். அவன் பின்சீட்டில் கேக்குப் பெட்டியை மடியோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து வாயை மூடாமல் வருவான். "இடது பக்கம் பள்ளம். தெரியுதா? இப்ப ஸ்பீட் பிரேக்கர். மெதுவா. இன்னும் மெதுவா. அந்த ஆட்டோக்காரனோட என்ன போட்டி உனக்கு?" நடுநடுவே அந்த வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த கதைகள் வரும். மாவு கொண்டுவருகிறவரின் மகளுக்கு வேலை கிடைத்தது, அடுப்பின் கதவு சத்தம் போடுவது, கனவில் தான் லைசென்ஸ் பாஸானது. பதிலுக்குச் சொல்ல அவளிடமும் கதைகள் இருக்கும். இந்த நச்சரிப்பு தாங்கலியே என்று அவள் வாய் சொல்லும். வெள்ளிக்கிழமை ராத்திரியே காரைத் துடைத்து வைப்பவளும் அவள்தான்.

விஷயத்துக்கு வருவோம். அந்த வருஷம் டயர்கள் தேய்ந்துவிட்டன. மழையில் ஒரு நாள் பிரேக் பிடித்தபோது வண்டி கேட்காமல் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போனது. டயர் மாற்றியே ஆக வேண்டும் என்று ஆனதும் அவளுக்குக் கவலையைவிடச் சந்தோஷம்தான் முதலில் வந்தது. டயர் மாற்றுகிறபோதே சக்கரத்தையும் மாற்றலாமே.

டயர்காரர் பருத்த மனிதர், அளந்து பேசுகிறவர். அவர் முதலில் ஆளைப் பார்ப்பதில்லை, குனிந்து டயரைப் பார்ப்பார். உள்ளங்கையை அதன் மேல் மெதுவாக ஓட்டினார். முன் டயர் இரண்டும் வெளி ஓரத்தில் அதிகமாகத் தேய்ந்திருப்பதைக் காட்டி, வளைவில் நீங்கள் கொஞ்சம் சந்தோஷமாகிவிடுகிறீர்கள் போல என்றார். அவள் பெருமையாகச் சிரித்தாள். பிறகு தன் பத்துக் கம்பி ஆசையைச் சொன்னாள். அதே வடிவத்தில் பதினெட்டு இஞ்ச் செட் ஒன்று டயரோடு கடையிலேயே இருந்தது, காட்சிக்கு வைத்தது. சுவரில் சாய்ந்து நின்ற அதைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சே ஒரு கணம் நின்றது.

டயர்காரர் விவரம் சொன்னார். சக்கரத்தின் மொத்த உயரத்தை மாற்றக் கூடாது, மாற்றினால் வேகம் காட்டுகிற முள் பொய் சொல்லும். அதனால் உள்ளே இருக்கிற உலோக ரிம் பெரிதாக ஆக, சுற்றியிருக்கிற ரப்பர் மெலிந்துகொண்டே போகும். ரப்பர் மெலிந்தால் ஸ்டீயரிங் சொன்னபடி கேட்கும், வளைவில் வண்டி சாயாது. ஆனால் ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு கல்லும் உள்ளே இருக்கிறவருக்கு வந்து சேரும். இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"வண்டில வழக்கமா என்ன ஏத்துவீங்க? பின்சீட்டுல?"

இருபது வருஷமாக அவள் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. வேறு யாராவது இதற்கு மழுப்பியிருந்தால் எழுப்பி வெளியே அனுப்பியிருப்பாள். ஆனால் கண் சுவரோரம் இருந்தது, வாய் தானாகப் பேசியது.

"ஒண்ணும் ஏத்தறதில்லைங்க" என்றாள்.

டயர்காரர் தலையை ஆட்டினார். ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், ஓரக்கல்லில் மட்டும் இடித்துவிடாதீர்கள் என்று சொல்லி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த செட்டை மாட்டிக் கொடுத்தார். பழையவை கடையிலேயே இருக்கட்டும் என்றார்.

வீட்டுக்கு வந்தால் அதிசயமாக மாஸ்டர் முழித்திருந்தான். வாசலுக்கு இழுத்து வந்து காட்டினாள். அவன் காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தான். ஒல்லி டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான். ஸ்பாஞ்ச் கேக் வெந்துவிட்டதா என்று பார்ப்பவன் செய்கிற மாதிரி. பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டான். அதைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அப்படியானால் போடு, ஆறு வருஷம் பொறுத்தது போதும் என்றான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் கேட்கவில்லையே என்று அவளுக்கும் உறைக்கவில்லை.

சனிக்கிழமை இரண்டடுக்கு கேக். காலை வெயிலில் கார் கிளம்பியது. ஸ்டீயரிங்கை விரலால் தொட்டால் போதும், மூக்கு திரும்பியது. பாலத்து வளைவில் தண்டவாளத்தில் போவதுபோல வண்டி போனது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கடைத்தெருவில் ஏழு ஸ்பீட் பிரேக்கர். ஒவ்வொன்றும் இடுப்பில் வந்து தட்டியது, ஆனால் அதை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பின்சீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பள்ளம் என்று சொல்லவில்லை, மெதுவா என்று சொல்லவில்லை, ஒரு கதைகூட வரவில்லை. பார்த்தாயா, இவனுக்கே குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். உண்மையில் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் கேக்கைத் தூக்கிய மாதிரி தாங்கிக்கொண்டு வந்தான். காரின் கண்ணாடியில் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அன்றைக்கு அவள் ரோட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

மண்டபத்தில் பெட்டியைத் திறந்தபோது கீழ் அடுக்கின் ஐசிங்கில் மயிரிழை போல ஒரு விரிசல். மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து சர்க்கரைப் பூக்களை எடுத்து வரிசையாக ஒட்டி அதை மறைத்தான். முன்கூட்டியே பையில் போட்டு எடுத்து வந்திருக்கிறான். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, ஐசிங் காய்ந்துபோய்விட்டது, தன் தப்புதான் என்றான். அவன் ஐசிங் பதினைந்து வருஷத்தில் காய்ந்ததில்லை. அவளுக்கு மனசில் ஒரு மூலையில் சுருக்கென்றது. இருந்தும் திரும்பி வரும்போது பாலத்து வளைவு வந்தது, மறந்துவிட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் கடைக்கு ஒருவர் வந்தார். ஒல்லியானவர், நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தை சொல்கிறவர். கிட்டப் பார்வை மங்குகிறது, விலாசம் படிக்க முடியவில்லை என்றார். அலமாரிப் பக்கம் போனவரைத் தடுத்து உட்காரவைத்து, வழக்கம்போல, நாள் முழுக்க என்ன வேலை என்று கேட்டாள். குளிர்பெட்டி வைத்த வேன் ஓட்டுவதாகச் சொன்னார். என்ன ஏற்றுவீர்கள் என்று கேட்டாள். ஐஸ்கிரீம், மருந்து, பூ என்று சொல்லிவிட்டு, வருகிற சனிக்கிழமையிலிருந்து கேக்கும் உண்டு, ஒரு பேக்கரி மாஸ்டர் பேசி வைத்திருக்கிறார் என்றார்.

அவள் கையிலிருந்த லென்ஸ் அப்படியே நின்றது. எந்த மாஸ்டர் என்று கேட்கத் தேவையில்லை, அந்தப் பக்கத்தில் ஒரே மாஸ்டர்தான். இவ்வளவு நாள் எதில் போனதாம் என்று மட்டும் கேட்டாள்.

"வீட்டுக்காரம்மா கார்லதானாம். அவங்க ஆசைப்பட்டு ஏதோ புதுச் சக்கரம் போட்டிருக்காங்களாம். கேக் தாங்காதாம். ஆனா அவங்ககிட்ட இத சொல்லிடாதீங்கன்னார். வேன்தான் வசதின்னு நானே சொல்லிக்கறேன்னார்." அன்றைக்கு அந்த மனிதர் பேசிய நீளமான பேச்சு அதுதான். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது, பாவம்.

அவருக்குப் பவர் பார்த்து, பொருத்தமாக ஃபிரேமும் எடுத்துக்கொடுத்து அனுப்பினாள். வேலையில் ஒரு பிசகும் இல்லை. அவர் போனதும் பரிசோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். எதிர்ச்சுவரில் வெளிச்சப் பலகையில் எழுத்துக்கள் பெரிதிலிருந்து சின்னதாக இறங்கி நின்றன. முதல் வரிகூடத் தெரியவில்லை.

கேக்கில் விரிசல் விழுந்ததற்காக அவள் அழவில்லை. தன் வாயாலேயே பின்சீட்டில் ஒன்றும் இல்லை என்று சொன்னது உறுத்தியது, ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. வாரத்துக்கு இருக்கிறதே ஒரு மணி நேரம். அதை இந்த மனுஷன் ஒரு வேன்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டான். அவனுக்கு அது கேக்குப் போகிற வழி மட்டும்தானா? இல்லை, அவள் ஆசைக்காக அதையும் விடத் துணிந்தானா? இரண்டில் எது என்று தெரிந்தாக வேண்டும். கேட்டால் சொல்லமாட்டான். எதிரே இருக்கிறவரைத் திருப்திப்படுத்தப் பிறந்தவர்களில் அவன் முதல் வரிசை.

முகத்தைக் கழுவிக்கொண்டு டயர்காரருக்குப் போன் செய்தாள். முதலில் தான் சொன்ன பொய்யை ஒப்புக்கொண்டாள். மூன்றடுக்கு கேக் ஏற்றுவேன், கூடவே அதைச் செய்தவரையும் ஏற்றுவேன் என்றாள்.  அவர், இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அந்தச் சுவர்ப் பக்கமே உங்களை விட்டிருக்கமாட்டேன் என்றார். பதினேழு இஞ்சில் எடை குறைந்த ரிம் ஒன்று இருக்கிறது, அதற்குப் பக்கவாட்டு ரப்பர் மெத்தென்று இருக்கிற நல்ல டயர் உண்டு, மழையிலும் பிடிக்கும் என்றார். அவள் தன் திட்டத்தைச் சொன்னாள். அவர் சிரித்ததை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் கடையைப் பாதி நாள் மூடிவிட்டுப் பேக்கரிக்குப் போனாள். ஐசிங் போட்ட இரண்டடுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு வா, சக்கரத்தை முடிவு செய்யப் போகிறோம் என்றாள். கை பழகுவதற்கென்று செய்த ஒன்று இருந்தது. மாஸ்டர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். முடிவுதான் ஆகிவிட்டதே என்று முணுமுணுத்தான். டயர் கடையில் அவன் கண்ணை ஒரு துணியால் கட்டினாள். இரண்டு செட் மாட்டிக் காட்டப்போகிறோம், பின்சீட்டில் உட்கார்ந்து எது நல்லது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கண்ணைக் கட்டினால் அழகில் மயங்காமல் உடம்பு உண்மையைச் சொல்லும் என்று விளக்கமும் கொடுத்தாள்.

ஒரு செட்டைக் கழற்றி மாட்டுகிற சத்தம் அடங்கியதும் முதல் சுற்று. கடைத்தெரு, ஏழு ஸ்பீட் பிரேக்கர், பாலத்து வளைவு, திரும்ப. அவன் கேக்கை அணைத்துக்கொண்டு பேசாமல் வந்தான். கடைக்கு வந்ததும் அவனை இறக்கிப் பெஞ்சில் உட்காரவைத்தாள். ஜாக்கி ஏறியது, நட்டுக் கழற்றுகிற துப்பாக்கி கடகடவென்று இரைந்தது, சக்கரங்கள் தரையில் உருண்டன, மறுபடி இரைச்சல். கண் கட்டியபடி மாஸ்டர் எல்லாவற்றையும் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டாம் சுற்று. அதே தெரு, அதே வளைவு, அதே வேகம்.

"சொல்லு. முதலாவதா, ரெண்டாவதா?" கடையில் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"ரெண்டாவதுதான்" என்றான் மாஸ்டர், யோசிக்காமல். "திருப்பறப்பவே தெரியுது. வண்டி கெட்டியா நிக்குது. கேக்குக்கும் ஒரு குறையும் இல்ல. இதுதான அந்தப் பதினெட்டு?"

அவள் கட்டை அவிழ்த்தாள். காரில் இருந்தது பதினேழு இஞ்ச். பத்துக் கம்பிச் சக்கரங்கள் நாலும் பழையபடி சுவரோரம் சாய்ந்திருந்தன.

"ரெண்டு தடவையும் இதுதான் இருந்துச்சு. கழட்டி அதையே திரும்ப மாட்டச் சொன்னேன்."

மாஸ்டர் முகத்தில் அசடு வழிந்தது. இருபது வருஷமாக இந்த வித்தையைப் பற்றி அவள் சொல்லிக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தவன் அவன். டயர்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, உள்ளே ஏதோ தேட வேண்டியிருக்கிறது என்று போய்விட்டார்.

"உன் வேன்காரருக்குக் கிட்டப் பார்வை" என்றாள் அவள். "நேத்து வந்தார்."

அவன் கேக்கைப் பார்த்தான். மேல் அடுக்கில் ஒரு இதழைத் தேவையில்லாமல் சரிசெய்தான். "ஆறு வருஷமா ஒண்ணே ஒண்ணுதான் ஆசைப்பட்ட. நான் பின்னாடி உக்காந்து அத கெடுக்கணுமா?"

"நீ விட்டுக்குடுத்தது சனிக்கிழமைய. அது உனக்கு மட்டும் சொந்தமா? என்னக் கேக்காம எப்படிக் குடுத்த?" சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. "பின்னாடி நீ இல்லாம நான் எங்க ஓட்டிட்டுப் போறது?"

மாஸ்டர் கேக்கைப் பெஞ்சில் வைத்தான். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்குத்தான் தெரியும், ஐசிங் போட்ட கேக்கை அவன் வெளியில் எங்கேயும் கீழே வைக்கமாட்டான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தான்.

"மூணு நாளா தூக்கமே இல்ல. அந்தாளு பேசவே மாட்டார். போக வரப் பதினாலு கிலோமீட்டர். யார்கிட்ட நான் என்னத்த சொல்லுவேன்?"

அந்த ஒரு வார்த்தை அவளுக்குப் போதுமாக இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தான் டயர்காரரிடம் சொன்ன பொய்யை அவனிடமும் சொன்னாள். பின்சீட்டில் என்ன ஏற்றுவீர்கள் என்று கேட்டார், ஒன்றுமில்லை என்றேன். மாஸ்டர் தன் தொப்பையைத் தடவிப் பார்த்தான்.

"எண்பத்தஞ்சு கிலோ. ஒண்ணுமில்லையா?"

சிரிப்பு அடங்க நேரம் ஆயிற்று. டயர்காரர் உள்ளே தேடியது கிடைக்காமலே திரும்பி வந்தார். மூன்றாவது சுற்று கண்ணைக் கட்டாமல் போனார்கள். இந்தத் தடவை மாஸ்டர் வாய் ஓயவில்லை. பழைய பதினாறைவிட இது கொஞ்சம் கெட்டி, மூன்றாவது ஸ்பீட் பிரேக்கரில் இடுப்புக்குத் தெரிகிறது, ஆனால் தட்டாமல் தள்ளுகிறது, கேக் தாங்கும். போன சனிக்கிழமை போட்டிருந்தது சக்கரமே இல்லை, அம்மிக்கல். இத்தனையும் ஒரே மூச்சில் சொன்னான். அவளும் உண்மையைச் சொன்னாள். பதினெட்டு அளவுக்கு ஸ்டீயரிங் கூர்மை இல்லை. இருந்தாலும் பழையதோடு பார்த்தால் பாலத்து வளைவில் வண்டி நிமிர்ந்து போகிறது, மனசுக்குப் போதும்.

பதினேழில் அந்தப் பத்துக் கம்பி வடிவம் வரவில்லை. ஏழு கம்பிதான். நிறம் மட்டும் அதே கருஞ்சாம்பல். டயர்காரர் புது டயரின் பக்கத்தில் பொறித்திருந்த எண்ணைத் தொட்டுக் காட்டி, எந்த வருஷம் எந்த வாரம் செய்தது என்று படித்துச் சொன்னார். காரின் கதவோரம் ஒட்டியிருக்கிற சீட்டில் போட்ட அளவுக்கு மேல் காற்று ஏற்றாதீர்கள், கேக்குக்கு ஆகாது என்றார். கிளம்பும் முன்னால் அவள் சுவரோரம் போய்ப் பத்துக் கம்பியில் ஒன்றை விரலால் தடவிவிட்டு வந்தாள். ஆசை முழுசாகத் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். மாஸ்டர் அதைப் பார்த்தான், பார்க்காத மாதிரி கேக்கைத் தூக்கிக்கொண்டான். அந்தக் கேக்கை டயர் கடையிலேயே வெட்டி, பாதியை டயர்காரருக்குக் கொடுத்தார்கள். வேன்காரருக்கு மாஸ்டரே போன் செய்து சொன்னான். அவர் சரி என்ற ஒரு வார்த்தையோடு முடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை வந்தது. மூன்றடுக்கு. காலை ஒன்பது மணிக்குக் கார் கிளம்பியது. பின்சீட்டில் மாஸ்டர் பெட்டியை மடியோடு அணைத்து உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டான். அடுப்புக் கதவுச் சத்தத்துக்கு எண்ணெய் விட்டாகிவிட்டது. மாவுக்காரர் மகள் முதல் வேலைநாளிலேயே பஸ்சைத் தவறவிட்டாள். கனவில் மறுபடியும் லைசென்ஸ் பாஸ், ஆனால் இந்தத் தடவை வாத்தியார் அழுதுவிட்டார். நடுவில் இடது பக்கம் லாரி, வலது பக்கம் சைக்கிள், இப்ப மெதுவா, இன்னும் மெதுவா. அவள் கண்ணாடியில் அவனைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். பாலத்து வளைவில் கொஞ்சம் வேகம் கொடுத்தாள். அவன் பேச்சை நிறுத்திக் கேக்கைப் பார்த்தான், அது அசையவில்லை. சரி, போ என்பதுபோலத் தலையை ஆட்டினான்.

கடைத்தெரு முனையில், வேப்பமரத்துக்கு நேர் கீழே, ஒரு சின்னப் பள்ளம் உண்டு. ஆறு வருஷமாக அவள் ஒரு தடவைகூட அதில் விட்டதில்லை. அன்றைக்கு ஸ்டீயரிங்கை விலக்காமல் நேராகப் போய், மெல்ல, மிக மெல்ல, இடது சக்கரத்தை அதில் இறக்கி ஏற்றினாள்.

"கண்ணு தெரியலியா உனக்கு? ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு விடற. இவ்வளவு பெரிய பள்ளம். எத்தன தடவ சொல்றது, இடது பக்கம் பள்ளம்னு." பின்சீட்டிலிருந்து வசவு மண்டபம் வரைக்கும் ஓயாமல் வந்தது. போன சனிக்கிழமை கேட்காமல் போனதற்கும் சேர்த்து அவள் கேட்டுக்கொண்டாள்.

பெட்டியைத் திறந்தபோது மூன்று அடுக்கிலும் ஒரு கீறல் இல்லை. மாஸ்டர் சட்டைப்பையிலிருந்த சர்க்கரைப் பூக்களை எடுத்து, ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டு மிச்சத்தை அவள் கையில் கொடுத்தான். திரும்பும் வழியில் அவள் அவற்றை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே ஓட்டினாள். ஒரு கையால் ஓட்டாதே என்று அதற்கும் திட்டு வாங்கினாள்.